கோபுரம் பார்த்து வரைபடம் பொருத்துதல்

அன்புடைய நேயர்களுக்கு வணக்கம்.

மதுரையில் வெளியூர்க்காரருக்கு வழி சொல்ல வேண்டுமானால், நாம் கோபுரத்தைக் காட்டித்தான் தொடங்குவோம். இடம் மாறாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாறிப்போனவற்றைத் தேடும் இந்த வழக்கமே, வரலாற்று ஆய்வில் கணினி வரைபடங்களைப் பயன்படுத்துவதற்கும் அடிப்படையாக இருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையினர் வரைந்த மதுரைக் கோட்டைப் படத்தின் நகல் ஒன்றை நெடுங்காலமாக வைத்திருக்கிறேன். அதில் மதிலும் கொத்தளங்களும் அகழியும் உள்ளன. அந்த மதில், 1840ஆம் ஆண்டையொட்டி, கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்பட்டு, அகழியும் தூர்க்கப்பட்டது. அந்தப் பணியில் அவருக்குத் துணைநின்ற மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகிய இருவரின் பெயர்களையும் நாம் இன்றும் வீதிப் பெயர்களாக நாள்தோறும் சொல்லி வருகிறோம். ஆனால் மதில் சரியாக எந்தக் கடையின் வாசலில், எந்தச் சந்தின் முனையில் நின்றது என்பதை அறிய, பழைய படத்தை இன்றைய நிலத்தின்மேல் பொருத்தியாக வேண்டும்.

தையற்காரர் காகித அச்சைத் துணியின்மேல் வைத்துக் குண்டூசி குத்துவதை நினைத்துக்கொள்ளுங்கள். கியூஜிஐஎஸ் என்னும் கட்டணமில்லா மென்பொருளில் நாம் செய்வதும் அதுவே. பழைய படத்தில் உள்ள ஓர் இடத்தையும் அதே இடத்தின் இன்றைய அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளையும் இணைத்து ஓர் ஊசி குத்துகிறோம். இப்படிச் சில ஊசிகள் குத்தியதும் படம் முழுவதும் நிலத்தில் படிந்துவிடும்.

முதல் முறை, நான் மீனாட்சியம்மன் கோயிலின் நான்கு வெளிக் கோபுரங்களில் மட்டும் ஊசி குத்தினேன். மேற்கு மதில் ரயில் நிலையத் தண்டவாளத்தின்மேல் போய் விழுந்தது. கதவின் கீல் பக்கம் ஓர் அங்குலம் விலகினால் தாழ்ப்பாள் பக்கம் ஒரு சாண் விலகும் அல்லவா? நான்கு கோபுரங்களும் நடுவில் நெருங்கி நின்றமையால், அங்கிருந்த சிறு பிழை நகரின் ஓரத்தில் பெரிதாகிவிட்டது. பிறகு பெரியார் பேருந்து நிலையத்தருகே எஞ்சியுள்ள கோட்டை வாசலுக்கு நடந்துபோய், அதன் அளவைக் குறித்துவந்து ஐந்தாவது ஊசியாகச் சேர்த்த பின்னரே மதில் தன் இடத்துக்குத் திரும்பியது. கணினி கணக்கிடும், ஊசி குத்த வேண்டிய இடத்தைக் கால்நடையாகத்தான் தேட வேண்டும்.

கோபுரத்தை அளவைக்குப் பயன்படுத்துவது புதிதன்று. இந்திய நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த மாபெரும் முக்கோண அளவையை 1802இல் சென்னையில் தொடங்கிய ஆங்கிலேய அளவையாளர் லாம்டன், மலையே இல்லாத, தென்னை மறைக்கும் தஞ்சைச் சமவெளியை அடைந்தபோது வேறு வழியின்றிக் கோயில்களையே உயரமாகக் கொண்டார். 1808இல், ஏறத்தாழ அரை டன் எடையுள்ள, கோணங்களை அளக்கும் தன் தியோடலைட் கருவியைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நெளிந்துவிட்டது. அவர் கூடாரத்துக்குள் அமர்ந்து, பல வாரங்கள் உழைத்து, அதன் வட்டத்தைத் தம் கையாலேயே நிமிர்த்தினார். அந்தச் செய்தியை நினைக்கும்போதெல்லாம், இன்று நம் சட்டைப் பையில் கிடக்கும், இடம் காட்டும் கைபேசி எத்தனை பேருடைய உழைப்பின்மேல் நிற்கிறது என்று நெஞ்சு நெகிழ்கிறது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். படத்தில் ஓர் அங்குலம் நிலத்தில் நானூறு அடி என்றால், அங்குலத்தில் இருபதில் ஒரு பங்கு தடித்த மைக்கோடு இருபதடியை விழுங்கிவிடும். ஆகவே கணினித் திரை எவ்வளவு துல்லியமாகக் காட்டினாலும், பழைய கோட்டுக்கு இல்லாத துல்லியத்தை நாம் அதன்மேல் ஏற்றக்கூடாது.

நேரம் நெருங்குகிறது. கண்மாய்களைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கமாகவே சொல்கிறேன். 1960களில் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்து, 1995இல் அந்நாட்டு அரசு வெளியிட இசைந்த ‘கொரோனா’ என்னும் உளவுத் திட்டப் படங்களைக் கிராம வரைபடங்களோடு பொருத்தினால், இன்று வீடுகள் நிறைந்த பகுதிகளிலும் பழைய கண்மாய்க் கரையின் வளைவைத் தேடிப் பார்க்கலாம்.

மாங்குளம், அரிட்டாபட்டி, அழகர்மலை, ஆனைமலை ஆகிய இடங்களின் தமிழி (தமிழ் பிராமி) என்னும் பழைய எழுத்துக் கல்வெட்டுக் குகைகளுக்குச் செல்லும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். பாறைக்கூரையின் கீழ் செயற்கைக்கோள் வழி பெறும் இட அளவு சரியாகக் கிடைக்காது. வெளியே, வானம் தெரியும் இடத்தில் நின்று குறித்துக்கொண்டு, அங்கிருந்து குகைவாய் எந்தத் திசையில், எத்தனை காலடித் தொலைவில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதிவையுங்கள். நன்றி, வணக்கம்.