பிளஸ் டூவுக்கும் கல்லூரிக்கும் நடுவே

ஆசிரியப் பெருமக்களுக்கும், மாலை வகுப்பு நடத்தும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மொழித்தேர்வு எழுத வராதவர்கள் 50,000க்கும் மேல். அவர்களில் பலர் எப்போதோ வகுப்புக்கு வருவதை விட்டவர்கள். பெயர் மட்டும் பதிவேட்டில் இருந்தது. அதனால் தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு நான்காம் நாளே போய்விடுங்கள். ஒரு மாதம் கழித்துப் போனால் அவன் கையில் சம்பளம் இருக்கும். பிறகு நம் பேச்சு எடுபடாது.

தேறிய பிள்ளைகளும் கல்லூரி வாசல்வரை போய்த் திரும்புகிறார்களே, அதுதான் கொடுமை. மதிப்பெண் இருக்கும், சான்றிதழ் இருக்காது. சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று இரண்டுக்கும் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே இ-சேவையில் விண்ணப்பித்துவிடுங்கள். ரிசல்ட் வந்த பிறகு ஊரே அங்கேதான் நிற்கும். பழங்குடியினர் சான்று தாசில்தார் கையில் இல்லை, கோட்டாட்சியர்தான் தரவேண்டும். விசாரணை இழுக்கும், அந்தப் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். வருமானச் சான்றை மட்டும் சீக்கிரம் வாங்கி வைக்காதீர்கள், பழையதானால் புதிது கேட்பார்கள்.

வீட்டில் முதலில் பட்டம் படிப்பவருக்கான கட்டணச் சலுகைதான் முதல் பட்டதாரிச் சலுகை; அது வீட்டில் ஒருவருக்குத்தான். அண்ணன் டிகிரி முடித்திருந்தால் தங்கைக்குக் கிடையாது. ஆனால் அவள் ஆறிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேரலாம்; கட்டணத்தை அரசே கட்டும். நடுவில் ஒரு வருஷம் பணம் கட்டித் தனியார் பள்ளியில் படித்திருந்தால் அந்த வழி அடைபடும். கலந்தாய்வில் இன்னொரு வழுக்கல்: பெயர் தெரிந்த ஐந்தாறு கல்லூரிகளை மட்டும் விருப்பப் பட்டியலில் போட்டுவிட்டு, எந்த இடமும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பது. கட்-ஆஃப் எட்டும் கல்லூரிகளையும் தாராளமாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் மாணவிகளுக்கான புதுமைப்பெண், மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வரும். பாஸ்புக்கில் ஆதார் எண் ஏறியிருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது; அரசுப் பணம் வரவேண்டிய கணக்காக வங்கி அதை இணைத்திருக்க வேண்டும். இரண்டு கணக்கு இருந்தால், கடைசியாக இணைத்ததற்குத்தான் பணம் போகும். பள்ளி உதவித்தொகைக்கென்று திறந்து மறந்துபோன கணக்கில் மாதக்கணக்காகப் பணம் விழுந்துகிடப்பதும் உண்டு.

இந்த ஆயிரமும் சேர்ந்த பிறகுதான் வரும். விடுதி முன்பணம், புத்தகம், முதல் மாதச் செலவு எல்லாம் அதற்கு முன்பே நிற்கும். பாராட்டு விழாவுக்குச் சால்வையும் கேடயமும் வாங்கும் அமைப்புகள் அந்தப் பணத்தைச் சேர்க்கை நாளன்று பிள்ளையிடம் கொடுத்துவிடலாம்.