ஆறு வரி, ஆயிரத்தைந்நூறு எழுத்து: தென்கிழக்காசியச் சீன எழுத்தாளர்களின் கொடுக்கல் வாங்கல்

நேயர்களுக்கு வணக்கம்.

மணிலா, பாங்காக், ஜகார்த்தா, கோலாலம்பூர், சிங்கப்பூர் என ஐந்து நகரங்களிலும் சீன மொழியில் கதை, கவிதை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் எழுதியது அடுத்த நாட்டுக்காரர் கைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? மாநாடுகளாலும் விருதுகளாலும் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். விருதுகள் பெரும்பாலும் நாட்டு எல்லையோடு நின்றுவிடுபவை. நம் எழுத்தாளர்களுக்கும் பழக்கமான சிங்கப்பூரின் தங்கமுனை விருது 1993இல் நான்கு மொழிகளில் தொடங்கியது. அதில் அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும்தான் கலந்துகொள்ளலாம். உண்மையில் பாரத்தைச் சுமப்பது நாளிதழின் இலக்கியப் பக்கம். அதில் எவ்வளவு இடம் கிடைக்கிறதோ, அதுவே எழுத்தின் உருவத்தையும் முடிவு செய்திருக்கிறது.

சீன நாளிதழ்களில் இந்தப் பக்கத்துக்குத் தனி மரியாதை உண்டு. சீனாவில் பெரும்பெயர் பெற்றிருந்த எழுத்தாளர் யூ தாஃபு 1938 இறுதியில் சிங்கப்பூருக்கு வந்து, சின் சியூ ஜிட் போ நாளிதழில் இந்தப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டார். 1942இல் சுமத்ராவுக்குத் தப்பினார். 1945இல் ஜப்பானியர் கையில் அங்கேயே உயிரிழந்தார். அப்போதெல்லாம் சிங்கப்பூரும் மலாயாவும் ஒரே வாசகர் வட்டம். 1955இல் சிங்கப்பூரில் தொடங்கிய சாவ் ஃபூன் என்ற இலக்கிய இதழ் சில ஆண்டுகளில் கோலாலம்பூருக்கு இடம் மாறியது, யாருக்கும் அது வேறு நாட்டுக்குப் போனதாகத் தோன்றவில்லை. 1999இல் நின்றுபோன அந்த இதழை 2002இல் ஜோகூரின் சதர்ன் கல்லூரி மீண்டும் கொண்டுவந்தது.

1965இல் மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்தது. அதற்குப் பின் ஒரு நாட்டு நாளிதழ் மற்ற நாட்டில் விற்பனைக்கு வராத நிலை ஏற்பட்டு, பல பத்தாண்டுகள் நீடித்தது. ஜோகூர் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரும் கொஞ்சமும்தான். ஆனாலும் இந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை வந்த கதையை அந்தக் கரையில் யாராவது வெட்டி அனுப்பினால்தான் பார்க்க முடிந்தது.

மற்ற இடங்களில் நிலைமை இதைவிட மோசம். இந்தோனேசியாவில் 1966க்குள் சீனப் பள்ளிகளும் நாளிதழ்களும் மூடப்பட்டன. அரசின் பிடியில் ஹரியான் இந்தோனேசியா என்ற ஒரே நாளிதழ் மட்டும் மிஞ்சியது. சீன எழுத்தில் அச்சான எதையும் உள்ளே கொண்டுவரக்கூடாது என்றிருந்தது. அந்தக் காலத்தில் ஜகார்த்தாக்காரர்கள் புனைபெயரில் எழுதியவற்றுக்குச் சிங்கப்பூரும் ஹாங்காங்கும் இடம் கொடுத்தன. பிலிப்பைன்ஸில் 1972 செப்டம்பரில் இராணுவச் சட்டம் வந்தபோது சீன நாளிதழ்கள் நின்றன. இலக்கியப் பக்கங்கள் மூச்சுவிட 1980கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மீண்டும் கிடைத்த இடம் பெரியதல்ல. விளம்பரம் போக மிஞ்சுகிற அரைப் பக்கத்தில் நாவல் நுழையாது, நீண்ட சிறுகதையும் நுழையாது. குறுங்கதை நுழையும். அதற்கான வழக்கமான உச்சவரம்பு 1,500 சீன எழுத்துகள். வாய்விட்டு வாசித்தால் ஆறேழு நிமிடம், ஏறக்குறைய இந்த உரையின் நீளம். சீனக் குறுங்கதைக்கான உலக ஆய்வரங்கு முதன்முதலில் 1994இல் சிங்கப்பூரில்தான் கூடியது. பிறகு 1996இல் பாங்காக், 1999இல் கோலாலம்பூர், 2002இல் மணிலா என்று ஊர் ஊராகப் போனது. இந்த வட்டாரத்தின் தேவையிலிருந்து வளர்ந்த வடிவம் என்பதால் இங்கேயே சுற்றியதில் வியப்பில்லை. பிறகு 600 எழுத்துக்குள் முடியும் மின்னல் கதையும் வந்தது. தாய்லாந்தில் எழுத்தாளர் சிமா கோங் அதைப் பெரிதும் ஊக்குவித்தார்.

கவிதையில் நடந்தது இன்னும் சுவையானது. பாங்காக்கின் 'உலக நாளிதழ்' இலக்கியப் பக்கத்தைத் தைவான் கவிஞர் லின் ஹுவான்சாங் தொகுத்து வந்தார். பக்கத்தின் தலைப்புப் பட்டையை ஒட்டிச் சிறு கட்டம் ஒன்று இருந்தது. 2003இல் அந்தக் கட்டத்துக்கென்றே ஆறு வரிக்கு மிகாத கவிதைகளைக் கேட்டு வாங்கிப் போடத் தொடங்கினார். 2006இல் ஸெங் சின் உள்ளிட்ட ஏழு தாய்லாந்துக் கவிஞர்களும் அவரும் சேர்ந்து 'சிறுகவிதை அரவை ஆலை' என்ற குழுவை அமைத்தார்கள். ஆறு வரிக்குள் என்பதே விதி, ஆண்டுக்கு ஒரு தொகுப்பு. ஆறு வரியில் எழுதும்போது சறுக்குமிடம் பெரும்பாலும் கடைசி வரிதான். முதல் ஐந்து வரி காட்டிய காட்சிக்கு ஆறாவது வரி விளக்கம் சொல்லத் தொடங்கினால் கவிதை படுத்துவிடும். அந்த வரியை அடித்துவிட்டு ஐந்தோடு நிறுத்துவது நல்லது.

அடுத்த நாட்டு நாளிதழுக்குப் படைப்பை அனுப்பும்போது உண்மையான தலைவலி எழுத்தின் வடிவம்தான். சிங்கப்பூர் 1969 முதல் எளிமையாக்கிய எழுத்துகளுக்கு மாறியது, மலேசியாவும் பின்தொடர்ந்தது. மணிலா நாளிதழ்கள் பழைய முழு எழுத்திலேயே நிற்கின்றன. எளிய எழுத்தை மென்பொருளில் போட்டு முழு எழுத்தாக்குவது ஒரு நொடி வேலை. ஆனால் எளிமையாக்கியபோது தனித்தனியாக இருந்த இரண்டு மூன்று எழுத்துகளை ஒன்றாக்கிவிட்டார்களே! நூடுல்ஸைக் குறிக்கும் 'மியென்' முழு எழுத்தில் தனி வடிவம். எளிய எழுத்தில் அதுவும் முகத்தைக் குறிக்கும் எழுத்தும் ஒன்றே. சிங்கப்பூர் உணவங்காடியில் நடக்கும் கதையை அப்படியே மாற்றினால், மணிலா வாசகர் கண்ணில் கதாநாயகன் ஒரு கிண்ணம் முகம் சாப்பிடுவான். முடி, உலர்ந்தது, பின்னால் போன்ற சொற்களிலும் இதே ஆபத்து. ஆகவே மாற்றியதும் முதலில் இந்தச் சில எழுத்துகளைத் தேடிப் பாருங்கள், அடுத்து ஆட்பெயர்களைப் பாருங்கள், கடைசியாக மேற்கோள் குறிகளைப் பாருங்கள். மேலிருந்து கீழாக அச்சிடும் பக்கமென்றால் எண்களும் ரோமன் எழுத்துகளும் சாய்ந்து படுத்துக்கொள்ளும். அவற்றையும் சீன எழுத்தாக்கிவிடுவது நலம்.

பாசார் (சந்தை), கம்போங் (கிராமம்) போன்ற மலாய்ச் சொற்கள் மலேசியச் சீனத்தில் அன்றாடம் புழங்குபவை. பாங்காக் வாசகருக்குப் புரியாது. சில ஆசிரியர்கள் பெய்ஜிங் சொல்லாக மாற்றிவிடுகிறார்கள். அது தேவையில்லை என்பேன். அடிக்குறிப்பும் வேண்டாம், 1,500இல் அதுவும் இடம் பிடிக்கும். அதே வாக்கியத்தில் மீனும் தராசும் வந்துவிட்டால் பாசார் சந்தைதான் என்று யாருக்கும் விளங்கும்.

நாவல்களின் வழி வேறு, அது தைவான் தலைநகர் தைபேயைச் சுற்றிக்கொண்டு வருகிறது. சரவாக்கில் பிறந்த லி யோங்பிங், ஜோகூரில் பிறந்த இங் கிம் சியூ இருவரும் தைவானில் குடியேறி அங்கேயே நூல்களை வெளியிட்டவர்கள். சிங்கப்பூரின் யெங் புவே ஙோன் நாவல்களும் தைபேயில் அச்சாயின. மலேசியக்காரர் எழுதியதைச் சிங்கப்பூர்க்காரர் தைவான் பதிப்பில், தைவான் விலையோடு கப்பல் செலவும் சேர்த்து வாங்குகிறார். பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றுகிற கதை இது.

இந்தோனேசியாவில் 1998இல் அதிபர் சுஹார்த்தோ விலகியபின் சீன மொழி எழுத்தாளர் சங்கம் பிறந்தது. சீனப் பண்பாட்டுக்கு எதிரான 1967ஆம் ஆண்டு அதிபர் ஆணையை, பிறகு அதிபரான அப்துர்ரஹ்மான் வாஹித் 2000இல் நீக்கினார். ஆனால் இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் வளர்ந்தவர்கள் பலருக்குச் சீன எழுத்து தெரியாது. அதனால் அங்கே இடப்பக்கம் சீனம், வலப்பக்கம் இந்தோனேசியம் என்று இருமொழித் தொகுப்புகள் போடுகிறார்கள். பக்கம் இரட்டிப்பாகிறது, செலவும் கூடுகிறது. இருந்தாலும் எழுதியவரின் பேரப்பிள்ளைகள் படிக்கக்கூடிய பக்கம் அந்த வலப்பக்கம்தான்.

நன்றி, வணக்கம்.