யார் சொன்னது?

வணக்கம் நேயர்களே. முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் நான். ஒரு பிள்ளை எழுந்து "ஏன் டீச்சர்?" என்று கேட்டால் எனக்கு மனசு நிறைந்துபோகும். ஆனால் அந்தப் பிள்ளையே வீட்டுக்குப் போய் ஒரு சடங்கைப் பற்றி "ஏன்?" என்று கேட்டால் அடி விழும். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். எல்லாச் சடங்கையும் பற்றி இல்லை, ஒரே ஒரு சடங்கைப் பற்றி. தாலி வாங்குவது, அதாவது கணவரை இழந்த பெண்ணின் தாலியைக் கழற்றுவது.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் கடலூர்ப் பக்கத்தில் கணவர் இறந்து பதினாறாம் நாள் காரியம் என்றால், முந்தைய நாள் இரவே இது நடந்துவிடும். பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வரும். அந்த அம்மாவை உட்கார வைத்து, தலை நிறையப் பூ, கை நிறையக் கண்ணாடி வளையல், பெரிய குங்குமப் பொட்டு என்று ஒரு கல்யாணப் பெண்ணைப் போல அலங்கரிப்பார்கள். அப்புறம் சொம்பில் பால் வைத்து, தாலியைக் கழற்றி அதில் போடச் சொல்வார்கள். வளையலை உடைப்பார்கள். பொட்டை அழிப்பார்கள். இதைச் செய்கிறவர்களும் பெரும்பாலும் தாலி இழந்த பெண்கள்தான்.

1993-இல் என் அப்பா போனார். அம்மாவுக்கு அந்த இரவு நடந்தபோது நான் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வளையல் உடைகிற சத்தம் கேட்டது. நான் எழுந்து போகவில்லை. யாரையும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வருடம் என் தங்கைக்குக் கல்யாணம். தாரை வார்த்துக் கொடுத்தது பெரியப்பாவும் பெரியம்மாவும். எங்களைப் பெற்ற அம்மா சமையல்கட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்று பார்த்தார். அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. முன்னால வந்து நில்லும்மா என்று சொல்ல அந்த மண்டபத்தில் எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

அதற்கு அப்புறம்தான் வடலூர் வள்ளலாரை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். எங்கள் ஊருக்கு வடலூர் பக்கம். வருடா வருடம் தைப்பூசத்துக்குப் போவோம், ஏழு திரை விலக்கி ஜோதி பார்ப்போம், தருமசாலையில் சாப்பிடுவோம். 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் எரிகிறது. இதெல்லாம் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் தன் வழியில் வருகிற சன்மார்க்கத்தாருக்கு அவர் என்ன எழுதி வைத்தார் என்பது எனக்குத் தெரியாமலே இருந்தது. கணவன் இறந்தால் மனைவி தாலி வாங்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். கருமாதி, திதி வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். இறந்தவரை எரிக்காமல் புதைக்கச் சொல்லியிருக்கிறார். நினைத்துப் பாருங்கள், சுமார் நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால்! அவர் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தது. அந்தப் படத்துக்குக் கீழே உட்கார வைத்துத்தான் என் அம்மாவுக்கு எல்லாம் செய்தார்கள்.

வள்ளலாரிடம் எனக்கு இன்னொன்றும் பிடிக்கும். அவர் தன்னையே கேள்வி கேட்டவர். 1873 அக்டோபர் 22-ஆம் தேதி மேட்டுக்குப்பத்தில் சன்மார்க்கக் கொடியை ஏற்றிவிட்டு ஒரு பேருபதேசம் செய்தார். முன்பு சைவ சமயத்தில் தனக்கு இருந்த பற்று இவ்வளவு அவ்வளவு இல்லை, அதற்கு நான் பாடியதே சாட்சி, ஆனால் அப்போது எனக்கு அறிவு கொஞ்சமாக இருந்தது என்று அதில் சொல்கிறார். ஊரே கையெடுத்துக் கும்பிடுகிற ஒருவர், நான் நேற்றுப் பாடியது சின்ன அறிவில் பாடியது என்று கூட்டத்தில் சொல்லுகிறார். எனக்கு இது பெரிய தைரியம்.

அதனால் நான் அவரையும் கேட்பேன். தாலி வாங்க வேண்டாம் என்றவர், மனைவி இறந்தால் கணவன் வேறு கல்யாணம் செய்ய வேண்டாம் என்றும் சொல்கிறார். பிள்ளை இறந்தால் துக்கப்பட வேண்டாம் என்கிறார். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் அதை என்னால் சொல்ல முடியாது. மறுமணமும் அவரவர் விருப்பம் என்றுதான் நினைக்கிறேன். அவர்மேல் எனக்குப் பக்தி உண்டு, இந்த இடத்தில் மட்டும் அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டும் ஒரே மனசில்தான் இருக்கிறது.

சரி, இனி என் சித்தியின் கதையைச் சொல்கிறேன். 2014-இல் சித்தப்பா காலமானார். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கிறதென்று முடிவு செய்துகொண்டு போனேன். சண்டை போடப் போகவில்லை. ஒரே ஒரு கேள்வியோடு போனேன். யார் சொன்னது?

முதலில் பெரியப்பா மகனைக் கேட்டேன். "அண்ணே, நாளைக்கு ராத்திரி சித்திக்குத் தாலி வாங்கணும்னு யார் சொன்னது?" "நான் என்னம்மா சொல்றது, பெரியவங்க செஞ்சது. அத்தையக் கேளு" என்றார். அத்தையிடம் போனேன். "ஐயர் ஒத்துக்க மாட்டாருடி, காரியம் பண்ண வரமாட்டேம்பாரு" என்றார். மறுநாள் காலையில் காரியத்துக்குச் சாமான் பட்டியல் கொடுக்க ஐயர் வந்தார். அவரைத் திண்ணையில் உட்கார வைத்துக் கேட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "டீச்சரம்மா, என் வேலை பிண்டத்தோட, எள்ளுந் தண்ணியோட முடிஞ்சுது. ராத்திரி நடக்கறது உங்க வீட்டுப் பொம்பளைங்க வழக்கம். அதுல நான் தலையிடறதே கிடையாது."

பார்த்தீர்களா? அண்ணன் அத்தையைக் கை காட்டினார், அத்தை ஐயரைக் கை காட்டினார், ஐயர் எங்கள் வீட்டுப் பெண்களைக் கை காட்டினார். மிச்சம் இருந்தது ஒருவர்தான், எங்கள் சின்னப் பாட்டி. எல்லா வீட்டிலும் முன்னால் நின்று வளையல் உடைப்பவர் அவர். பயந்துகொண்டேதான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "பாட்டி, இத செஞ்சே ஆகணும்னு யார் சொன்னது?" ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "எனக்குச் செஞ்சாங்க. அப்ப எனக்கு இருவத்தாறு வயசு. கத்துனேன், கையப் புடிச்சிக்கிட்டாங்க." இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "வேணாம்னா விடுங்க. வேணும்னு நானா சொன்னேன்?" என்றார்.

நேயர்களே, இத்தனை வருடமாக இதை நடத்தியது யார்? அந்த வீட்டில் அது வேண்டும் என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. வேண்டாம் என்று முதலில் சொல்கிற பழி தன்மேல் விழக் கூடாது என்றுதான் ஒவ்வொருவரும் இருந்திருக்கிறார்கள்.

இன்னும் ஒருவரை யாரும் கேட்கவில்லை, சித்தியை. நானும் கடைசியில்தான் கேட்டேன், அது என் தப்பு. சித்தி தாலியோடு இருக்க வேண்டும் என்று நானே மனசுக்குள் முடிவு கட்டி வைத்திருந்தேன். சித்தி சொன்னது வேறு. "தாலிய நானே கழட்டி அவர் படத்துக்கிட்ட வெச்சுக்கறேன்மா. கூட்டத்துல வேணாம். பொட்டும் வளையலும் நான் பொறந்ததுலேருந்து இருக்குது, அது அவர் குடுத்தது இல்ல." அப்படியேதான் நடந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"இது தொன்றுதொட்டு வருவதாயிற்றே" என்று நிறையப் பேர் சொல்வார்கள். ஆமாம், பழையதுதான், நான் மறுக்கவில்லை. பூதப்பாண்டியன் இறந்தபோது அவன் தேவி பெருங்கோப்பெண்டு பாடியது புறநானூற்றில் இருக்கிறது. நெய் இல்லாமல், பிழிந்தெடுத்த சோற்றை எள் துவையலோடும் புளி சேர்த்து வேகவைத்த வேளைக்கீரையோடும் தின்று, பாய் இல்லாமல் பருக்கைக் கல்லின்மேல் படுக்கிற கைம்பெண் வாழ்க்கை எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவள் தீயில் இறங்கினாள். பழமைதான் காரணம் என்றால் இன்றைக்கு நம் வீட்டுப் பெண்கள் கல்லின்மேல் அல்லவா படுக்க வேண்டும்? யாரோ ஒருவர் ஒருநாள் அந்தக் கல்லை எடுத்துப் போட்டுவிட்டுப் பாயை விரித்திருக்கிறார். அவர் பெயர் நமக்குத் தெரியாது. அன்றைக்கு அவரையும் ஊர் ஏசியிருக்கும்.

மகாராஷ்டிரத்தில் ஒரு ஊரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும் என்று எழுதி எடுத்து வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோலாப்பூர் மாவட்டத்தில் ஹேர்வாட் என்கிற கிராமம். 2022 மே மாதம் அந்த ஊர்ப் பஞ்சாயத்து, வளையல் உடைப்பது, குங்குமம் அழிப்பது, தாலி கழற்றுவது எதுவும் இனி எங்கள் ஊரில் இல்லை என்று தீர்மானம் போட்டது. மற்ற ஊர்களும் இதைப் பின்பற்றலாம் என்று மாநில அரசே சுற்றறிக்கை அனுப்பியது. நம் ஊர்க் கிராம சபையிலும் இப்படித் தீர்மானம் போடலாமே. அப்புறம், ஈரோடு மாவட்டத்தில் கணவரை இழந்த ஒரு பெண்ணைக் கோயிலுக்குள் வரக் கூடாது என்று தடுத்த வழக்கில், 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படித் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை என்று சொல்லிவிட்டது. அதைப் பற்றியும் பேச இருந்தேன், நேரம் இல்லை.

ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன். போன வைகாசியில் சித்தியின் பேத்திக்குக் கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டு வாசலுக்கு வந்தபோது ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு சித்திதான் முன்னால் வந்தார். கை லேசாக நடுங்கியது. சின்னப் பாட்டிக்கு இப்போது தொண்ணூறு வயது, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "இன்னும் கொஞ்சம் கிட்டப் போய் சுத்துடி" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

வணக்கம்.