சீகை மரத்தை எங்கே வெட்டலாம், எங்கே விடலாம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வனத்துறை ரம்பத்தோடு இறங்கினால் போதும், "மரம் நடச் சொல்கிற துறையே மரத்தை வெட்டுவதா?" என்று எதிர்ப்புக் கிளம்பிவிடும். அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. எதிர்ப்பவர்கள் சொல்வதில் பாதி சரி.

வெட்டப்படுவது பெரும்பாலும் சீகை மரம் (தலைக்குத் தேய்க்கும் சீயக்காய் அல்ல). கொடைக்கானல் பக்கம் வாட்டில் என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் மலையுச்சிப் புல்வெளிகளில் அரசே பின்னாளில் நட்டுப் பெருக்கியது. புல்வெளியை அன்று வெற்று நிலமாகப் பார்த்தார்கள். வரையாடு மேய்வதும், 12 ஆண்டுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூப்பதும் அங்கேதான். அதனால் அகற்ற வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. தமிழக அரசும் 2022-இல் அந்நியத் தாவரங்களை அகற்றக் கொள்கையே வெளியிட்டது.

சிக்கல் வெட்டும் முறையில் இருக்கிறது. சீகை விதை மண்ணுக்குள் பல்லாண்டு உறங்கும். மரத்தைச் சாய்த்ததும் வெயில் தரையில் விழும், மண் கிளறப்படும். அடுத்த மழைக்கு நாற்றங்கால் போல முளைத்துவிடும். கிளையைக் கொளுத்தினால் இன்னும் மோசம், சூடு பட்ட விதை ஒரே மூச்சில் முளைக்கும். ஒரு மரம் நின்ற இடத்தில் நூறு கன்று. ஒப்பந்தக்காரர் மரத்தை ஏற்றிக்கொண்டு போனதும் வேலை முடிந்ததாகக் கணக்கு எழுதினால், செலவழித்த பணம் புதர் வளர்க்கத்தான் உதவும்.

ஆகவே தொடங்க வேண்டியது அடர்ந்த தோப்பில் அல்ல, புல்வெளி ஓரத்தில். மழை பெய்து மண் இளகிய நாளில் முழங்கால் உயரக் கன்றுகளை வேரோடு கையால் பிடுங்கலாம். பிடுங்க வராததைத் தரையை ஒட்டி வெட்டி, தூரில் தளிர் வந்தால் மறுபடி கிள்ள வேண்டும். அதே இடத்துக்கு ஆண்டுதோறும் ஆள் போயாக வேண்டும். புல் தானாக வராத இடத்தில் உள்ளூர்ப் புல்லைத் தூர் தூராக நட வேண்டும்.

பழைய தோப்புக்குள் குனிந்து பாருங்கள். சோலைக்கு, அதாவது மலையில் இயற்கையாக வளர்ந்த உள்ளூர்க் காட்டுக்கு, பக்கத்தில் இருந்தால் நிழலில் சோலை மரக் கன்றுகள் எழுந்திருக்கும். அங்கே மொத்தமாக வெட்டினால் சாயும் மரமே அவற்றை நசுக்கிவிடும். எனவே கை வைக்காமல் விடுவது மேல். அவசியமானால் அங்கொன்று இங்கொன்றாக, அடிமரத்தில் ஒரு சாண் அகலத்துக்குச் சுற்றிலும் பட்டையை உரித்து, நின்றபடியே காயவிடலாம். பாதை ஓரத்தில் மட்டும் இது வேண்டாம், காய்ந்த கிளை தலையில் விழும்.

செங்குத்துச் சரிவு தனிக் கதை. வெட்டிய மரத்தின் வேர் சில ஆண்டுகளில் மக்கிப் பிடிப்பை இழக்கும். அதற்குள் புல் வேரூன்றாவிட்டால் மண் இறங்கும். இயந்திரம் கட்டி இழுக்காமல், சரிவைக் கீற்றுக் கீற்றாகப் பிரித்து, ஒரு கீற்றில் புல் பிடித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

விறகு பற்றியும் ஒரு வார்த்தை. மலைக் கிராமங்களில் சீகைதான் அடுப்பெரிக்கிறது. வெட்டிய விறகில் ஊருக்கு எவ்வளவு, எந்த இடத்தில் அடுக்குவார்கள் என்பதை வெட்டுவதற்கு முன்பே ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிடலாம். லாரி வந்த பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.