எதைப் பாடுவது, எங்கே நிறுத்துவது: ஜேனட் பேக்கர்

அவையோருக்கு வணக்கம்.

மேற்கத்திய செவ்வியல் இசையில் பெண் குரலைப் பொதுவாக மூன்றாகப் பிரிப்பார்கள். மேலே சோப்ரானோ, கீழே கான்ட்ரால்டோ, நடுவில் மெட்ஸோ-சோப்ரானோ. பாடியே நடிக்கும் இசை நாடகமான ஓபராவில் கதாநாயகி வேஷம் பெரும்பாலும் சோப்ரானோவுக்குப் போய்விடும். மெட்ஸோவுக்குக் கிடைப்பது தாய், தோழி, சூனியக்காரி, அப்புறம் கால்சட்டை மாட்டிக்கொண்டு ஆண் வேஷம். ஆனால் பியானோ மட்டும் துணை நிற்கும் தனிப்பாடல் கச்சேரியில் வேஷமும் இல்லை, திரைச்சீலையும் இல்லை. எதைப் பாடுவது, எந்த வரிசையில் பாடுவது என்று பாடகியே முடிவு செய்யலாம். அந்த முடிவுகளில்தான் மெட்ஸோ பாடகி ஜேனட் பேக்கர் பெரியவர் என்பது என் கட்சி.

பேக்கர் 1933இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தவர். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டு கற்றார். 1956இல் லண்டன் விக்மோர் ஹாலில் நடந்த கேத்லீன் ஃபெரியர் நினைவுப் போட்டியில் இரண்டாம் பரிசு. அதே வருடம் ஒரு பஸ் மோதி அடிபட்டு, முதுகுவலி நெடுநாள் கூடவே வந்தது. ஃபெரியர் 1953இல், 41 வயதில் இறந்துபோன கான்ட்ரால்டோ. இங்கிலாந்தே கொண்டாடிய குரல். அடுத்து வந்த பெண்ணை அவரோடு ஒப்பிடாமல் விடுவார்களா? பேக்கர் அதையும் தாண்டித்தான் வரவேண்டியிருந்தது.

நம் கச்சேரிக்கு ஒரு பத்ததி இருப்பதுபோல அங்கேயும் ஒரு வழக்கம் உண்டு. பர்ஸெல், ஹாண்டல் போன்ற பழைய ஆட்களில் தொடங்கி, ஷூபர்ட், பிராம்ஸ் என்று ஜெர்மன் பாடல்கள். இடைவேளைக்குப் பின் ஃபோரே, துய்பார்க் என்று பிரெஞ்சு. கடைசியில் தாய்மொழிப் பாடல்கள். ஒரு தொகுதி முடியும்வரை கை தட்டக்கூடாது. பாடல் வரிகள் அச்சிட்ட தாளைக் கொடுப்பார்கள். பாட்டு முடிந்து பியானோவும் ஓய்ந்த பிறகே பக்கம் திருப்புங்கள் என்று அதிலேயே கேட்டுக்கொள்வதும் உண்டு. சுமார் 550 பேர் உட்காரும் விக்மோர் ஹாலில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தாள் திருப்பினால் என்ன சத்தம் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

பியானோ ஓய்ந்த பிறகு என்பது வெறும் மரியாதைக்காகச் சொன்னதல்ல. ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமன் 1840இல் எழுதிய ‘ஒரு பெண்ணின் காதலும் வாழ்வும்’ என்ற எட்டுப் பாடல் தொகுதியை எடுத்துக்கொள்வோம். கவிதை ஷாமிஸோ என்ற ஆண் எழுதியது. அவனைப் பார்த்தேன், மோதிரம் போட்டான், குழந்தை பிறந்தது, செத்துப்போனான்: இவ்வளவுதான் கதை. அவன் காலடியே கதி என்று கிடக்கிற இந்தப் பெண்ணைக் கண்டால் இன்றைக்குப் பலருக்கு எரிச்சல் வரும். எனக்கும் வரும். பேக்கரின் 1966 இசைத்தட்டில் அந்த எரிச்சல் எங்கே போகிறது என்று தெரியவில்லை. அவர் அந்தப் பெண்ணைக் கிண்டல் செய்யவில்லை, அவளுக்காக வக்காலத்தும் வாங்கவில்லை. அவள் சொல்வதை நம்பிப் பாடுகிறார். எட்டாவது பாட்டில் ‘இப்போதுதான் முதன்முதலாக நீ எனக்கு வலி தந்தாய்’ என்ற வரி வருகிறது. அதில் ராகமென்று பெரிதாக ஒன்றுமில்லை, கிட்டத்தட்டப் பேச்சு. குரலில் இருந்த நிறத்தையெல்லாம் அங்கே வடித்துவிடுகிறார். பிறகு பாட ஒன்றுமில்லை. பியானோ தனியாக முதல் பாட்டின் இசையைத் திரும்ப வாசிக்கிறது. கூட வாசித்தவர் மார்ட்டின் ஐஸெப். மேடையில் பாடகி அந்த நேரம் முழுவதும் சும்மா நிற்கவேண்டும். பல பாடகிகளுக்கு அந்த நிற்பதுதான் பாடுவதைவிடக் கஷ்டம்.

இதே வடிவம் அவருக்கு வேறொரு இடத்திலும் வாய்த்தது. அமெரிக்க இசையமைப்பாளர் டொமினிக் அர்ஜெண்டோ, ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃபின் நாட்குறிப்பிலிருந்து எட்டுப் பகுதிகளை எடுத்து இசையமைத்தார். கவிதை அல்ல, உரைநடை. 1975இல் மினியாபொலிஸில் முதன்முதலில் பாடியவர் பேக்கர், பியானோ அதே ஐஸெப். அந்த ஆண்டு இசைக்கான புலிட்சர் பரிசு அதற்குத்தான். கடைசிப் பாட்டு 1941 மார்ச்சில் எழுதிய குறிப்பு. ராத்திரிச் சமையலுக்கு மீனும் சாஸேஜும் என்று ஒரு வரி வருகிறது. அதே மாதம் உல்ஃப் ஆற்றில் இறங்கி உயிரை விட்டார். இங்கேயும் எட்டாவது பாட்டு முதல் பாட்டிடம் திரும்பிப் போகிறது.

1975இல் ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன், இதய நோயால் தளர்ந்திருந்த நிலையில், ‘ஃபேட்ரா’ என்ற கால்மணி நேரப் படைப்பை இவர் குரலுக்காகவே எழுதினார். 1976 ஜூனில் ஆல்ட்பரோ இசை விழாவில் அரங்கேறியது; டிசம்பரில் பிரிட்டன் இல்லை.

பேக்கர் ஓபராவைப் பெரும்பாலும் தன் நாட்டோடு நிறுத்திக்கொண்டார். உலகம் சுற்றியது தனிப்பாடலுக்காக. 1982 ஜூலையில், 49 வயதுகூட நிறையாதபோது, இங்கிலாந்தின் கிளைண்ட்பர்ன் ஓபரா விழாவில் குளூக்கின் ‘ஆர்ஃபியோ’வோடு ஓபரா மேடைக்கு விடைகொடுத்தார். கால்சட்டை வேஷம்தான் அதுவும். குரல் போய்விட்டதால் அல்ல. இன்னும் பல வருடம் தள்ளியிருக்கலாம். யாரும் ‘இவர் எப்போது நிறுத்துவார்’ என்று கேட்கும்வரை இருக்க அவர் தயாராயில்லை என்றே எனக்குப் படுகிறது. தனிப்பாடல் கச்சேரிகள் மட்டும் அந்தப் பத்தாண்டின் கடைசி வரை தொடர்ந்தன.

சரி, எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்? ஆங்கில இசையமைப்பாளர் எல்கரின் ‘கடல் ஓவியங்கள்’, 1965 இசைத்தட்டு, இசைக்குழுவை நடத்தியவர் பார்பிரோலி. ஐந்து பாட்டு, ஆங்கிலம். ஜாக்குலின் டு ப்ரேயின் புகழ்பெற்ற செல்லோ இசை அதே தட்டின் மறுபக்கம் இருந்ததால், இந்தப் பக்கத்தைத் திருப்பிப் போடாமலே விட்டவர்கள் நிறைய. அப்புறம் ஷூமனுக்கு வாருங்கள். ஜெர்மன் வரிகளின் பொருளை முன்கூட்டியே படித்துவிடுங்கள். பாட்டு ஓடும்போது தாளைக் கீழே வைத்துவிடுங்கள்.