ஈத் பிறையும் நீல நிலாவும்

நேயர்களுக்கு வணக்கம்.

வாணியம்பாடிப் பக்கம் உருது வழியில் படித்த பிள்ளைகளுக்குப் பல வருஷம் ஆங்கிலம் நடத்தியவன் நான். வீட்டில் உருது, கடைத்தெருவில் தமிழ், பரீட்சையில் ஆங்கிலம் என்று புழங்குகிற பிள்ளைகள். ஆங்கில மரபுத்தொடர்களுக்கு அவர்கள் கையில் ஒரு கைடு இருக்கும். ஆங்கிலம் இடமிருந்து ஓடும், உருது வலமிருந்து வரும், நடுக்கோட்டில் இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கும்.

ஒரு நாள் கடிதம் எழுதச் சொன்னேன். ஒரு பையன் நண்பனுக்கு இப்படி எழுதியிருந்தான்: 'யூ ஹேவ் பிகம் எ ப்ளூ மூன்.' நீ நீல நிலா ஆகிவிட்டாய்! சிவப்புப் பேனாவை எடுத்தவன் அப்படியே வைத்துவிட்டேன். கைடைப் புரட்டினால், 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்பதற்கு நேரே 'ஈத் கா சாந்த்' என்று இருக்கிறது. அதாவது, ரம்ஜான் பெருநாளைக் கொண்டுவருகிற ஈத் பிறை. பையன் பேரில் என்ன தப்பு?

வெகுநாளாகக் கண்ணில் படாத ஆளைப் பார்த்து உருதுவில் 'நீ ஈத் பிறையாகிவிட்டாயே' என்பார்கள். ரமலான் 29ஆம் நாள் மாலை அந்த ஊர்களில் மொட்டைமாடிக்குப் போய்ப் பாருங்கள். சின்னது பெரிசு எல்லாம் மேற்கே பார்த்து நிற்கும். நகத்தைக் கிள்ளிப் போட்ட மாதிரி ஒரு கீற்று தெரியும், கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். அந்த ஏக்கம்தான் அந்தச் சொல்லில் இருப்பது. நீல நிலாவோ ஒரே மாதத்தில் வருகிற இரண்டாவது பௌர்ணமி, சுமாராக இரண்டரை வருஷத்துக்கு ஒரு தடவை. அதற்காக யாரும் மாடி ஏறிக் காத்திருப்பதில்லை. ஒரு காரியம் எப்போதாவது நடக்கிறது என்று சொல்லத்தான் ஆங்கிலத்தில் அது பயன்படும், ஆளைச் சொல்ல உதவாது. நம்முடைய 'அத்தி பூத்தாற்போல' இருக்கிறதே, அது கெட்டிக்காரத்தனமாக ஆளுக்கும் பொருந்தும், காரியத்துக்கும் பொருந்தும்.

அன்றிலிருந்து வகுப்பில் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டேன். இதை யார், யாரிடம், எந்த நேரத்தில் சொல்வார்கள்?

சில ஜோடிகள் சிரமமே தராது. 'நாச் ந ஜானே ஆங்கன் டேடா' என்றால் ஆடத் தெரியாதவளுக்கு முற்றம் கோணல். நம் ஊரில் கூடம் கோணல், அவ்வளவுதான் வித்தியாசம். ஆங்கிலத்தில் வேலை தெரியாதவன் கருவியைக் குறை சொல்கிறான். 'ஜிஸ் கி லாட்டி உஸ் கி பேன்ஸ்', தடி யாருடையதோ எருமை அவனுடையது. தடி எடுத்தவன் தண்டல்காரன் என்று நாம் சொல்வது. ஆங்கிலத்தில் 'மைட் இஸ் ரைட்' என்கிறார்கள். எருமையும் இல்லை, தடியும் இல்லை. எனக்கென்னவோ அது சப்பென்று இருக்கிறது.

மாட்டிவிடுகிற ஜோடி ஒன்று உண்டு. கரிச்சட்டி கெட்டிலைப் பார்த்துக் கறுப்பு என்றது என்பது ஆங்கிலப் பழமொழி. இதற்கு நேரே பலரும் 'உல்டா சோர் கோத்வால் கோ டாண்டே' என்று எழுதுவார்கள். திருடன் கோத்வாலையே திட்டுகிறான் என்று அர்த்தம். சென்னைக்காரர்களுக்குக் கொத்தவால் சாவடி என்று பழகிய அதே கோத்வால்தான், நகரக் காவல் அதிகாரி. இதில் கோத்வால் மேல் குற்றம் இல்லையே! அங்கே சட்டியும் கரி, கெட்டிலும் கரி. சரியான ஜோடி உருதுவிலேயே இருக்கிறது: முறம் பேசினாலும் பேசட்டும், எழுபத்திரண்டு ஓட்டை உள்ள சல்லடை என்ன பேசுவது? ஊசியைப் பார்த்து உன் உடம்பில் ஓட்டை என்று சொன்ன நம் ஊர்ச் சல்லடைக்கு அது உடன்பிறப்பு.

அப்புறம் ராதை. 'ந நௌ மன் தேல் ஹோகா, ந ராதா நாச்சேகீ.' ஒன்பது மணங்கு எண்ணெயும் வராது, ராதையும் ஆடமாட்டாள். வடக்கத்தி மணங்கு சுமார் 37 கிலோ, கணக்குப் போட்டால் விளக்குக்கு 330 கிலோவுக்கு மேல் எண்ணெய்! ஆக முடியாத நிபந்தனை போட்டு நழுவுவது. பாகிஸ்தான் பிள்ளைகளும் இதை மனப்பாடம் செய்கிறார்கள். ஆங்கிலத்துக்குக் கைடு தருவது, வானம் விழுந்தால் வானம்பாடி பிடிக்கலாம் என்ற பழைய வாசகம். இன்றைய இங்கிலாந்தில் அதைச் சொன்னால் முழிப்பார்கள். நமக்கோ அத்தைக்கு மீசை முளைத்தால் போதும்.

இந்த ஜோடி சேர்க்கும் வேலை ஒரு காலத்தில் எதிர்த்திசையில் நடந்தது. கல்கத்தா ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் இந்துஸ்தானி, அதாவது அன்றைய உருது-இந்திப் பேச்சுமொழி, படித்தார்கள். அங்கே இருந்த தாமஸ் ரோபக் சேர்த்துவைத்த பாரசீக, இந்துஸ்தானிப் பழமொழிகள் ஆங்கில அர்த்தத்தோடு 1824இல் அச்சாயின. அன்றைக்கு முழித்தவர்கள் வெள்ளைக்காரர்கள்.

போன வருஷம் கடைத்தெருவில் அந்தக் கடிதக்காரப் பையனைப் பார்த்தேன். இப்போது தோல் வியாபாரம், தாடியில் நரை. "சார், நீங்கள்தான் ஈத் கா சாந்த் ஆகிவிட்டீர்கள். இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? அன்றைக்கு நீங்கள் சொல்லவே இல்லை" என்றார். 'ஹலோ, ஸ்ட்ரேஞ்சர்' என்பார்கள் என்றேன். ரொம்ப நாள் கழித்துப் பார்க்கிற நண்பனைப் பிரியமாகச் சீண்டுகிற வார்த்தை. அவருக்குப் பிடிக்கவில்லை. "வாத்தியாரைப் போய் அந்நியர் என்பதா சார்?" என்று கேட்டுவிட்டு, இரண்டு டீ சொன்னார்.