விழாவுக்குக் கேட்டவைக்கு ஏன் இரங்கல் இசை குடுத்தவர்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

புதுக்குடியிருப்பில இருந்து ஒரு பிள்ளை கேட்டிருக்கிறா: "சேர், இங்கிலாந்து இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன்ர 'சின்ஃபோனியா டா ரெக்வியம்' எண்ட வாத்தியக்குழு இசை ஜப்பான் அரசாங்க விழாவுக்கு எழுதினது எண்டு போன வீடியோவில சொன்னனீங்கள். ரெக்வியம் எண்டா செத்தவைக்கான இசையெல்லோ? விழாவுக்கு ஏன் அது?"

கி.மு. 660இல தங்கட முதல் பேரரசர் ஜிம்மு ஆட்சிக்கு வந்தவர் எண்டது ஜப்பானியரின்ர ஐதீகம். அந்தக் கணக்கில 1940இல 2600ஆவது ஆண்டு நிறைவு, அதுக்குத்தான் இந்த விழா. வெளிநாட்டு இசையமைப்பாளர்களிட்டயும் இசை கேட்டவை. ஜெர்மனியில ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் கேட்டபடியே விழா இசை எழுதிக் குடுத்திட்டார்.

பிரிட்டனுக்கு அப்ப 26 வயசு. போரே கூடாது எண்டு நிண்ட ஆள், இங்கிலாந்தை விட்டு அமெரிக்காவில இருக்கிறார். ஜப்பான் சீனாவில சண்டை பிடிச்சுக்கொண்டிருக்கு. தகப்பன் 1934இல போயிட்டார், தாய் 1937இல. அந்த ரெண்டு பேரின்ர நினைவுக்குத்தான் இதைச் சமர்ப்பிச்சவர். ஏலுமானவரைக்கும் போருக்கு எதிரா எழுதுறன் எண்டும் அவரே அப்ப சொல்லியிருக்கிறார். அதுதான் பிள்ளை விசயம். மனசில துக்கம் கிடக்கேக்க, ஒரு அரசாங்கம் கேட்டதுக்காகக் கொண்டாட அவருக்கு ஏலேல்லை. எனக்கு அவரில பெரிய மதிப்பு வந்ததே இதாலதான்.

தொடக்கத்தைக் கேளுங்கோ. டிம்பனி எண்ட பெரிய மேளம் ஒரே சுருதியில இடிக்கும், செத்தவீட்டில பறை முழங்கிற மாதிரி நெஞ்சில வந்து விழும். அதுக்குப் பிறகு செல்லோக்கள், வயலின் மாதிரிப் பெரிய வாத்தியங்கள், தாளத்தோட ஒட்டாமல் இழுத்து இழுத்து அழும். ரெண்டாவது பகுதி ஒரே வேகம், கடைசியில துண்டு துண்டாச் சிதறிப்போகும். அந்தச் சிதறலுக்குள்ள இருந்து மூண்டாவது பகுதியில புல்லாங்குழல்கள் ஆறுதலா வரும். நடுவில நிப்பாட்டில்லை, எல்லாம் ஒரு 20 நிமிசம்.

ஜப்பான்காரர் ஏற்கேல்லை. பகுதிகளுக்குக் கிறிஸ்தவ மன்றாட்டுத் தலைப்புகள், விழாவுக்குப் பொருந்தாத துயரம் எண்டு சொல்லிப்போட்டினம். 1941 மார்ச்சில நியூயோர்க் கார்னகி மண்டபத்தில வாத்தியக்குழு நடத்துனர் பார்பிரோலிதான் இதை முதல்ல நடத்தினவர்.

1956இல பிரிட்டன் தானே ரோக்கியோவுக்குப் போய் அதே இசையை நடத்தினவர். அந்தப் பயணத்திலதான் 'சுமிதாகவா' எண்ட நோ நாடகத்தையும், அதாவது ஜப்பானியரின்ர பழைய மேடை நாடகத்தையும், பார்த்தவர். காணாமல்போன மகனைத் தேடி அலையிற தாய், ஆத்தைக் கடந்து போனா அங்க அவன்ர சமாதி. அதில இருந்துதான் 1964இல பிரிட்டன்ர 'கேர்லியூ ரிவர்' எண்ட இசை நாடகம் வந்தது. வவுனியாவிலயும் கிளிநொச்சியிலயும் பிள்ளையளின்ர படத்தோட ரோட்டோரம் இருக்கிற அம்மாக்களைத் தெரிஞ்ச எங்களுக்கு அந்தக் கதையை ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதைப் பற்றித் தனியா ஒரு வீடியோ போடுறன். அதுக்கு முதல் சின்ஃபோனியாவை ஒருக்கா முழுசாக் கேளுங்கோ. போன் ஸ்பீக்கரில வேண்டாம், அந்த மேளம் அதில வராது.